ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற கடிதம்

சாங்சு, சீனா
12.03.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமா என்று கேட்பது வழக்கம். அத்தானோடு பதினைந்து வருடம் குடித்தனம் நடத்துகிறவரிடம் அதைக் கேட்டால் பகிடி பண்ணியது போலாகும், அதனால் கேட்கவில்லை.

தொலைபேசி எடுக்காதே, கடிதம் எழுது என்று கட்டளை போட்டிருக்கிறீர்கள். “நீ போனிலை கத்துறது வீடு முழுக்கக் கேக்குது” என்கிறீர்கள். கேட்கட்டுமே, நான் என்ன களவா எடுக்கிறேன்? உலகம் முழுக்க மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் பேனை பிடித்து எழுதி, தபால் கந்தோருக்கு நடந்து போகிறேன். அங்கே ஒரு சட்டியில் பசையும் அதில் ஒரு தூரிகையும் வைத்திருக்கிறார்கள். இவர்களுடைய முத்திரை தானாக ஒட்டாது. விண்வெளிக்கு ஆளை அனுப்பிய நாடு.

கம்பனி எனக்கு எடுத்துத் தந்திருக்கிற வீடு பதினான்காம் மாடியில். கட்டடத்துக்கு வெனிஸ் தோட்டம் என்று பெயர். முற்றத்தில் நான்கு சிங்கங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன, ஒன்றின் வாயிலும் தண்ணீர் வருவதில்லை. மற்ற மூன்று வீடுகளில் நம்முடைய ஜெர்மன்காரர். சீனாவுக்கு வந்து ஒரு வருடமாகியும் அவர்களுடைய ஒரே கவலை பாண். ஒருத்தி ஹாம்பேர்க்கிலிருந்து மாவும் பாண் சுடும் பெட்டியும் கொண்டுவந்து, சனிக்கிழமைகளில் மற்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு வெட்டிக் கொடுக்கிறாள். அவர்கள் அதைக் கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் வாங்குகிறார்கள். என்னிடமும் ஜெர்மன் கடவுச்சீட்டுத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைக் கண்டால் யோகா எப்படிச் செய்வது என்று மட்டும்தான் கேட்பார்கள்.

ஆலையில் நூல் சுற்றும் இயந்திரம் பன்னிரண்டு பூட்டியாயிற்று. பதினொன்றரைக்கு எல்லாரும் சாப்பிடப் போவார்கள். வந்து மேசையில் தலையை வைத்து நித்திரை. முகாமையாளரும் நித்திரை. எனக்கு மொழிபெயர்க்க லின் என்றொரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். நான் ஆங்கிலத்தில் “இந்தச் சுருளைக் கட்டின கழுதை யார்?” என்று நான்கு சொல்லில் கேட்டால், அவள் அரை நிமிடம் பாட்டுப் போல ஏதோ சொல்கிறாள். அவர்கள் சிரித்துச் சிரித்துத் தலையாட்டுகிறார்கள். ஏசுகிறவனைப் பார்த்துச் சிரிக்கிற சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அத்தான் இன்னும் அந்த உணவகத்தில் கோப்பை கழுவுகிறாரா? பதினெட்டு வருடத்தில் ஒரு மனிதன் கோப்பையிலிருந்து சட்டிக்காவது முன்னேறியிருக்க வேண்டும். மருமகள் சுபானிக்கு என் அன்பு. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாதது எனக்கு ஒரு வசதி. இல்லாவிட்டால் உங்களுக்கு இப்படி மனம்விட்டு எழுத முடியுமா?

உங்கள் தம்பி,
தபோதரன்

—

ஆஹென்
02.04.2006

அன்பான தம்பி தபோவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிய, மேசையில் வைத்து அத்தானுக்கும் சுபானிக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் நல்ல சந்தோசம். “மாமாவின்ரை கடிதம் எண்டால் தனி ருசி” என்று அத்தான் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் வாங்கிக் குடித்தார்.

முக்கியமான செய்தி இனித்தான். சுபானி பெரியபிள்ளையாகிவிட்டாள். போன மாதம் இருபத்துநாலாம் திகதி, பள்ளிக்கூடத்தில். ஆசிரியை ஒரு மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டாள். பிள்ளை பஸ் ஏறினால், ஓட்டிக்கொண்டிருந்தது நம் மூன்றாம் மாடி அலோசியஸ் அண்ணை. முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ விளங்கியிருக்கிறது. தனக்குப் பின்னால் இருந்த இருக்கையில் இருக்கச் சொல்லி, வீட்டு வாசலுக்கு நேரே, தரிப்பு இல்லாத இடத்தில் நிறுத்தி இறக்கிவிட்டாராம். பஸ்ஸில் இருந்த வெள்ளைக்காரர் எல்லாரும் புறுபுறுத்தார்களாம்.

வீட்டில் தண்ணீர் வார்த்துவிட்டோம். சாமத்திய வீடு ஒக்டோபர் ஏழாம் திகதி, சனிக்கிழமை. அந்தக் கிழமை பள்ளி விடுமுறை, மண்டபமும் கிடைத்துவிட்டது. நீ கட்டாயம் வர வேண்டும் தம்பி. தாய்மாமன் தேங்காய் உடைத்து, பிள்ளையைக் கையில் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிவர வேண்டும். வேறு யாரும் அந்த இடத்தில் நிற்க முடியாது. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி. ஆறு மாதம் முந்தியே சொல்லிவிட்டேன், பிறகு டிக்கெட் இல்லை, லீவு இல்லை என்று கதை விடாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு.

அன்பு அக்கா,
நேசமலர்

—

கிரீன்வில், அமெரிக்கா
23.04.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சீனாவில் வாங்கி, அமெரிக்காவில் பிரித்து வாசித்தேன். நான் எழுதியதைக் கேட்டு அத்தானுக்குச் சந்தோசமாம், ரசமும் குடித்தாராம். ஏசினாலும் உறைக்காத மனிதர் சீனாவில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

கம்பனி வேலையாக இங்கே வந்து பத்து நாள். ஹோட்டலுக்கு எதிரில் நானூறு மீட்டரில் ஒரு கடை தெரிகிறது, பால் வாங்க நடந்து போனேன். நடைபாதை என்று ஒன்று கிடையாது. பாதி வழியில் பொலிஸ் கார் வந்து நின்றது. “கார் பழுதா?” என்றான். “இல்லை, நடக்கிறேன்” என்றேன். “ஏன்?” என்றான். கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, அதில் ஜெர்மனி என்று இருக்கிறதைப் பார்த்து, பிறகு என் முகத்தைப் பார்த்து, மறுபடி கடவுச்சீட்டைப் பார்த்தான். கடைசியில் என்னைப் பின் இருக்கையில் ஏற்றிப் பால் கடையில் இறக்கிவிட்டான். இதற்குப் பெயர் சுதந்திர நாடு.

காலைச் சாப்பாடு கடதாசித் தட்டில், பிளாஸ்டிக் முள்ளுக்கரண்டியோடு. எல்லாரும் “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டே நம்மைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதில் சொல்ல நின்றவன் நான் ஒருவன்தான். என் பெயர் இவர்கள் நாக்கில் ஏறாது என்று ‘டப்’ என்று கூப்பிடுகிறார்கள். சீனாவில் நான் ஏசினால் சிரிக்கிறார்கள். இங்கே மொழிபெயர்க்க ஆளில்லை, நேரடியாக விளங்குகிறது. ஆகவே போன கிழமை என்மேல் இரண்டு முறைப்பாடு போயிருக்கிறது.

இனி உங்கள் சாமத்திய வீடு. அக்கா, உங்களுக்கு விசரா? மூன்று வருடம் முன் டோர்ட்முண்டில் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனீர்களே, மறந்துவிட்டதா? தெர்மோகோல் தாமரைக்குள் அந்தப் பிள்ளையை இருத்தி, புகை அடித்து, மேலே தூக்கினார்கள். பிள்ளை இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோனது. வீடியோக்காரன் “இன்னொருக்கா” என்றான். மறுபடி புகை. ஒரு பிள்ளைக்கு மாதவிலக்கு வந்ததை நானூறு பேருக்குச் சொல்லி, புரியாணி போட்டு, ஐந்து சீலை மாற்றிப் படம் பிடிக்கிற கூத்துக்கு நான் தேங்காயும் கையுமாக நிற்க வேண்டுமா? அதுவும் புரட்டாதியில்! நாள் பார்க்கிற சனம் என்று பெருமை வேறு. மண்டபம் கிடைத்த நாள்தான் உங்களுக்குச் சுபமுகூர்த்தம்.

பிள்ளையைக் கேட்டீர்களா? அவள் ஜெர்மன் பள்ளியில் படிக்கிறவள், வெட்கத்தில் செத்துப்போவாள். இதெல்லாம் கோப்பை கழுவுகிற ஆட்கள் ஒரு நாளைக்கு ராசாவாக நிற்க ஆசைப்பட்டுச் செய்கிற வேலை. அத்தானுக்குக் கோட்டுப் போட ஒரு சாட்டு வேண்டும், அவ்வளவுதான். நான் வரமாட்டேன். ஒக்டோபரில் எனக்கு வேலை இருக்கிறது.

உங்கள் தம்பி,
தபோதரன்

—

ஆஹென்
07.05.2006

அன்பான தம்பி தபோவுக்கு,

உனக்கு ஒக்டோபரில் வேலை இருக்கிறதாம். ஒக்டோபர் முதல் கிழமை சீனாவில் ஆலையெல்லாம் பூட்டு என்று நீயே இரண்டு வருடம் முன் எழுதியிருக்கிறாய். உன் கடிதம் ஒன்றையும் நான் எறியவில்லை, பிஸ்கட் பேணியில் அடுக்கி வைத்திருக்கிறேன். பொய் சொல்லுகிறவனுக்குக் கொஞ்சம் நினைவுசக்தி வேண்டும்.

டோர்ட்முண்டில் நடந்தது எனக்கும் பிடிக்கவில்லை. நம் வீட்டில் தாமரையும் இல்லை, புகையும் இல்லை. நூற்றிருபது பேர். சமையல் அத்தான். கோட்டுப் போட அல்லடா, அடுப்படியில் நிற்கத்தான் அவர் அன்றைக்கு லீவு எடுத்திருக்கிறார்.

பிள்ளையைக் கேட்டீர்களா என்று கேட்டாய். கேட்டேன். முதலில் ஏலாது என்றுதான் சொன்னாள். “மாமா வருவாரா?” என்று கேட்டாள். வருவார் என்றேன். “அப்ப ஓம்” என்றாள். உன்னைப் பற்றித்தான் எந்த நேரமும் கதை. நீ ஆறாம் நம்பர் இயந்திரத்துக்கு சுபானி என்று பெயர் வைத்திருக்கிறாய் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு பிள்ளையும் நம்பவில்லையாம்.

நீ பதினான்கு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டில் இறங்கினாய். நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அன்பு அக்கா,
நேசமலர்

—

பிராங்பேர்ட் விமான நிலையம்
17.06.2006

அன்புள்ள அக்காவுக்கு,

சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிற வழி. கம்பனி எப்போதும் இந்த வழியாகத்தான் டிக்கெட் போடும். அடுத்த விமானத்துக்கு ஆறு மணித்தியாலம் இருக்கிறது. ஆஹெனுக்கு வந்து போக நேரம் காணாது. உண்மையைச் சொன்னால் மனமும் இல்லை. உதைபந்தாட்டம் நடக்கிறதால் விமான நிலையம் முழுக்கக் கன்னத்தில் கொடி வரைந்த பெரிய மனிதர்கள். அறுபது வயதுக் கிழவன் ஒருவன் தலையில் மூன்று நிறத்தில் மயிர்த்தொப்பி போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்து அழுகிறான். யாரோ தோற்றுவிட்டார்களாம்.

முதலில் ஒரு விஷயம். நான் எந்த இயந்திரத்துக்கும் பெயர் வைக்கவில்லை. ஆறாம் நம்பர் இயந்திரம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய சனியன். இப்படி நான் எப்போது எழுதினேன்? அந்தப் பிள்ளை பொய் சொல்லப் பழகுகிறாள், கவனியுங்கள்.

இரண்டாவது, போன மாதம் யீவு என்ற ஊருக்குப் போனேன். உலகத்தில் இருக்கிற மலிவுச் சாமான் எல்லாம் பிறக்கிற சந்தை அதுதான். ஒரு மாடி முழுக்கக் கிறிஸ்மஸ் மரம். அடுத்த மாடியில் என்ன கண்டேன் தெரியுமா? பிளாஸ்டிக் வாழை மரம், குலையோடு. பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம். மணி ஒட்டின ஆரத்தித் தட்டு. மல்லிகைச் சரம், மணத்தோடு. நம்முடைய பண்பாடு முழுக்க ஒரு சீனத்தி கதிரையில் இருந்து நூடில்ஸ் சாப்பிட்டபடி விற்கிறாள். “எந்த நாட்டுக்கு?” என்று லின் கேட்டு மொழிபெயர்த்தாள். ஜெர்மனிக்கு என்றதும், “ஓ, அங்கேதான் நிறையப் போகிறது” என்றாள்.

ஆறு வாழை, ஒன்பது தட்டு, இருபது முழம் தோரணம் வாங்கிப் பெட்டி கட்டிக் கப்பலில் போட்டிருக்கிறேன். மாமா செய்ய வேண்டியதை மாமா செய்துவிட்டேன். அந்தப் பெட்டியை என் இடத்தில் நிறுத்தித் தேங்காயை அதன்மேல் உடையுங்கள். உங்கள் கூட்டத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அத்தானுக்கு நிச்சயமாகத் தெரியாது. வாழ்க்கை முழுக்க மற்றவன் தின்ற எச்சில் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதனுக்கு எது வாழை, எது பிளாஸ்டிக் என்று எங்கே தெரியப்போகிறது? அந்தப் பிள்ளையும் அவரைப் போலத்தான் வரும். தலையில் ஒன்றும் ஏறாது, முகத்தில் ஒரு சிரிப்பு மட்டும் இருக்கும்.

விமானத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் தம்பி,
தபோதரன்

—

ஆஹென்
30.07.2006

தம்பி தபோவுக்கு,

உன் பெட்டி வந்தது. சுங்கக் கந்தோரில் பிடித்து வைத்துவிட்டு, நேரில் வரச் சொல்லி டெர்மின் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அத்தான் ஒரு நாள் லீவு எடுத்துப் போய், ஆறு வாழை மரம் எதற்கு என்று ஒரு வெள்ளைக்காரனுக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தி, எடுத்து வந்தார். அலோசியஸ் அண்ணைதான் கூடப் போய்த் தூக்கினார். இப்போது ஆறும் ஹோலில் நிற்கின்றன. தொலைக்காட்சி பார்க்க இலையை விலக்க வேண்டும்.

உன் கடிதத்தில் பிராங்பேர்ட் முத்திரை குத்தியிருக்கிறது. ரயிலில் இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. உனக்கு வர நேரமில்லாவிட்டால், நாங்கள் வந்திருப்போமே. பிள்ளைக்கு உன்னைக் கண்டு மூன்று வருடம். இந்தக் கடிதத்தையும் அந்த ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். வாசித்து முடிக்க எனக்கு நன்றாகக் கஷ்டமாக இருந்தது, அதற்குமேல் சொல்ல விரும்பவில்லை.

ஒக்டோபர் ஏழு. இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கடைசியாகக் கேட்கிறேன்.

அக்கா,
நேசமலர்

—

சாங்சு, சீனா
25.08.2006

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வேலை முடிந்தது. பன்னிரண்டும் ஓடுகிறது. அடுத்த கிழமை கிரீன்வில் போகிறேன். சீனாவுக்கு இனி வரவேண்டியதில்லை.

நேற்று எனக்குப் பிரிவுபசார விருந்து. வட்ட மேசை, நடுவில் சுழல்கிற கண்ணாடி, அதில் முழுசாக ஒரு மீன். மீனின் தலையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள், அது மரியாதையாம். இப்படிப்பட்ட மரியாதையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வாங் எழும்பினான். அவன் ஆலையின் மேற்பார்வையாளன், ஐம்பது வயது, இவ்வளவு காலத்தில் ஒரு ஆங்கிலச் சொல் பேசியதில்லை. மூன்று மாதமாக என்னை வழியனுப்பவென்று ஆங்கிலம் படித்தானாம். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தான்.

“எஞ்சினியர் தபோ, எங்களுடைய இயந்திரம் உடைந்த நாளெல்லாம் நீங்கள், கவலைப்படாதீர்கள், நானும் ஒருகாலத்தில் பிழை விட்டவன்தான் என்று சொன்னீர்கள். என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒவ்வொரு நாள் காலையிலும் அவளைப் பற்றி விசாரித்தீர்கள். வெளிநாட்டவர் எங்களை ஏசுவார்கள். நீங்கள் ஒருமுறையும் ஏசவில்லை.”

நான் லின்னைப் பார்த்தேன். அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவப்பு.

வெளியே வந்ததும் பிடித்துக் கேட்டேன். “நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால் இயந்திரம் ஒன்றும் ஓடியிருக்காது. எல்லாரும் முதல் மாதமே போயிருப்பார்கள். நீங்களும் போயிருப்பீர்கள்” என்றாள். மூன்று வருடம் அக்கா! மூன்று வருடமாக இந்தச் சின்னப் பெட்டை என் வாயில் இல்லாததையெல்லாம் எடுத்து, அந்த மனிதர்களுக்குப் படி அளந்திருக்கிறாள். வாங்குடைய மனைவிக்கு வருத்தம் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. அவளைக் கள்ளி என்று ஏசினேன். “அதையும் நான் வாங்குக்கு நல்லபடியாகச் சொல்லிவிடுகிறேன்” என்றாள்.

வீட்டுக்கு வந்து, தண்ணி வராத அந்தச் சிங்கங்களைப் பார்த்தபடி இருந்தேன். இத்தனை சனத்தையும் நாசமாய்ப் போக என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அவர்கள் எனக்கு மீன் தலையைத் திருப்பி வைக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

நான் வாறன் அக்கா. டிக்கெட் போட்டுவிட்டேன். ஒக்டோபர் ஐந்தாம் திகதி காலை பிராங்பேர்ட், மத்தியானம் ஆஹென். எனக்கு ஒரு வேட்டி வாங்கி வையுங்கள், இடுப்பு முப்பத்தாறு. தேங்காய் நான்தான் உடைப்பேன். பிளாஸ்டிக் வாழையை வெளியில் எறியுங்கள்.

உங்கள் தம்பி,
தபோ

—

ஆஹென்
10.09.2006

தம்பி,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அது இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் என்று நினைத்து நினைத்து இவ்வளவு நாளும் பேனையை எடுக்க ஏலாமல் இருந்தேன்.

உன் லின் செய்ததைத்தான் நானும் செய்தேன். உன்னைத் தொலைபேசி எடுக்காதே என்றது அதற்குத்தான். போனில் நீ சொல்லுவதை நான் திருத்த முடியாது. கடிதம் என்றால் முதலில் தனிய இருந்து வாசித்து, எதை விடுவது, எதைச் சேர்ப்பது என்று யோசித்து, ஞாயிற்றுக்கிழமை வாசிப்பேன். ‘கோப்பை கழுவுகிறாரா’ என்று நீ எழுதிய இடத்தில் ‘அத்தானின் மீன்குழம்பை நினைத்தால் இங்கே சோறு இறங்குதில்லை’ என்று வாசித்தேன். ஆறாம் நம்பர் இயந்திரத்துக்குப் பெயர் வைத்தது நான்தான். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை.

சுபானி மூன்று வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள். அலோசியஸ் அண்ணையின் பஸ்ஸில்தான் போய் வருவாள். உனக்கு எழுதவில்லை. உன் கடிதத்தைத் தானே வாசித்துக் காட்டி எங்களைத் திகைக்க வைக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது எனக்கும் தெரியாது. எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

செப்டெம்பர் மூன்றாம் திகதி, சாப்பாடு முடிய, பிஸ்கட் பேணியிலிருந்து உன் பிராங்பேர்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு எழும்பி நின்றாள். “இண்டைக்கு நான் வாசிக்கிறன்” என்றாள். பறிக்கப் போனேன். அத்தான் எந்தக் கடிதம் என்று பார்க்காமலே, “விடும் நேசம், பிள்ளை வாசிக்கட்டும்” என்றார். அவள் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். எச்சில் என்ற சொல்லை இரண்டு முறை தப்பாக வாசித்து, மூன்றாம் முறை சரியாக வாசித்துவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். பிறகும் நிற்பாட்டவில்லை. தன்னைப் பற்றி நீ எழுதியதையும் கடைசி எழுத்து வரை வாசித்து முடித்தாள்.

நான் அழுதேன். அத்தானிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “நேசம், தபால் பெட்டியைத் திறக்கிறது ஆர்? நான்தானே. முதல் கடிதத்திலை இருந்தே எல்லாம் வாசிச்சனான். ஆவி பிடிச்சுத் திறந்து, திருப்பி ஒட்டிறனான். பேந்து ஞாயிற்றுக்கிழமை நீர் வாசிக்கிறதைக் கேக்க எனக்குச் சரியான ஆசை. நீர் வாசிக்கிற கடிதம்தான் நல்லாயிருந்தது.” அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்து, மூன்று வருடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். உறைக்காத மனிதர் என்று எழுதினாயே. எவ்வளவு உறைத்தது என்று உனக்கு இப்போது தெரியட்டும்.

பிள்ளை இரவு படுக்கப் போகும்போது கதவடியில் நின்று, “அம்மா, அப்ப நீங்கள் வாசிச்ச மாமா ஆர்?” என்று கேட்டாள். நான் சொல்ல முதலே அவளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள் பள்ளியால் வந்து மூன்றாம் மாடிக்குப் போய், தாய்மாமன் இடத்தில் நின்று தேங்காய் உடைப்பீர்களா என்று அலோசியஸ் அண்ணையிடம் கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், தேங்காயைக் கத்தியால்தான் உடைத்துப் பழக்கம். இப்போது நிலத்தில் அடித்து உடைக்கப் பழகுகிறார். நேற்று இரண்டு தேங்காய் போயிற்று, கீழ் வீட்டு வெள்ளைக்காரி வந்து கதவைத் தட்டினாள். நான் சுபானியிடம் உன் புதுக் கடிதத்தைக் கொடுத்தேன். வாங்குடைய தாள், மீன் தலை எல்லாம் வாசித்தாள். மாமா மாறிவிட்டார், வேட்டி கேட்டிருக்கிறார், இனி உன் விருப்பம் என்றேன். அரை மணித்தியாலம் யோசித்தாள். அவள் சொன்னதை இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

“மாமா வரலாம். கதிரையிலை இருக்கலாம். அப்பா சமைச்சதைச் சாப்பிடலாம். தேங்காய் அலோசியஸ் மாமா உடைப்பார்.”

அக்கா,
நேசமலர்

—

கிரீன்வில், அமெரிக்கா
20.09.2006

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் அந்த அலோசியஸ் அண்ணையை நன்றாக ஏசினேன், பஸ் ஓட்டுகிறவனுக்கு என்ன தேங்காய் என்று. ஏசி முடிந்ததும் அறையில் கேட்க ஒருவரும் இல்லை. சிரிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. நான் எப்படிப்பட்ட மனிதன் என்று எனக்கு முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாகக் கேட்டது.

ஐந்தாம் திகதி வாறன். வேட்டி வேண்டாம். பின்வரிசையில் ஒரு கதிரை போதும். அத்தானுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் அவர் ஆவி பிடித்துத் திறந்து வாசித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி எனக்குச் சோறு போடுவார். அதை நேரே வாங்கிக்கொள்கிறேன்.

ஒரேயொரு உதவி. நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்த அந்த மாமா என்னென்ன சொன்னான், எதற்கெல்லாம் சிரித்தான், சுபானியிடம் என்னென்ன கேட்டான் என்று நினைவில் இருக்கிறதை எனக்கு எழுதி அனுப்புங்கள். அவள் மூன்று வருடம் அவனோடு இருந்திருக்கிறாள். எனக்கு அவனை ஒன்றும் தெரியாது.

தபோதரன்